கிழக்கு அறைக்கு என்ன நிறம்?

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள் தம்பி. பகலில் வந்தால் விரட்டுவோம்; இரவில் வராவிட்டால் ஏங்குவோம். அது என்ன?

யோசியுங்கள், அவசரமில்லை. மூன்று மாடி ஏறி வந்திருக்கிறீர்கள், மூச்சு வாங்கட்டும். லிஃப்ட் நாளைக்குச் சரியாகிவிடும் என்றுதான் நாலு மாதமாகச் சொல்கிறார்கள். செருப்பை இப்படி ஓரமாக விடுங்கள்.

நிலாவா? நிலாவை யார் விரட்டுகிறார்கள்? கொசுவா? கொசு வரவில்லையே என்று ஏங்குகிற ஆளை நான் பார்த்ததில்லை. சரி, நானே சொல்லிவிடுகிறேன். தூக்கம். அவ்வளவுதான். என் ஒன்பதாம் வகுப்பில் போட்டுப் பார்த்தேன். நாற்பத்திரண்டு பேரில் ஒரே ஒரு பெண்தான் சொன்னாள். அதுவும் கடைசி பெஞ்சில் தூக்கத்தில் சாமியாடிக்கொண்டிருந்த பெண்.

விடுகதை என்னுடையது இல்லை. என் மகள் தர்ஷினி கட்டியது. நாலாம் வகுப்பு. என்னிடம் போட்டபோது நான் உடனே விடை சொல்லிவிட்டேன். "சரிதான்பா. ஆனா நம்ம வீட்டுக்கு இது சரியா வராது. அம்மாவுக்குத் தலைகீழ்" என்றாள். விடுகதை என்றால் பொதுவாக எல்லோருக்கும் பொருந்தினால் போதும், ஒரே ஒருவருக்காக அதை மாற்ற முடியாது என்று அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். நான் எதையும் பொறுமையாகத்தான் விளக்குவேன். பத்தொன்பது வருடமாக அறிவியல் ஆசிரியர்.

வாடகைக்கு விடுகிற வீட்டைக் காட்டுங்கள் என்றால் கதை சொல்கிறாரே என்று பார்க்காதீர்கள். கீழே வாட்ச்மேன் உங்களிடம் ஏதாவது சொல்லியிருப்பார். "பெயிண்ட் அடிச்சதுல குடும்பமே பிரிஞ்சிடுச்சு" என்று சொல்லியிருப்பார். போன வாரம் வீடு பார்க்க வந்தவரிடம் அப்படித்தான் சொன்னாராம். அவர் பாதிதான் சொல்வார். முழுதும் நான் சொல்கிறேன். நீங்களும் குடும்பஸ்தர். கேட்டுவிட்டு நியாயம் எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இது ஹால். இது சமையலறை, தண்ணீர்க் கஷ்டம் கிடையாது. இந்தப் பக்கம் வாருங்கள். இதுதான் கிழக்கு அறை.

கண் கூசுகிறதா? முதலில் எல்லோருக்கும் அப்படித்தான். போன வாரம் வந்தவரும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டுதான் பார்த்தார். இரண்டு நிமிடத்தில் பழகிவிடும். எதிரே தெரிகிறதே, அந்த வெள்ளைக் கட்டடம், அதன் கண்ணாடியில் வெயில் பட்டு நேரே இங்கே வருகிறது. இந்த வட்டாரத்தில் இவ்வளவு வெளிச்சமான அறை வேறு எந்த வீட்டிலும் கிடையாது. நான் படுப்பது இங்கே இல்லை, ஹாலில். அங்கே காற்று நன்றாக வருகிறது.

என் மனைவி சுகந்தி நர்ஸ். ஐ.சி.யூ.வில் வேலை. மூன்று வருடமாக இரவு ஷிஃப்ட். அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பகல் ஷிஃப்ட் என்றால் பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் ஆள் இருக்காது. என்னால் முடியாது. என் பள்ளிக்கூடம் லால்குடி தாண்டி. காலையில் எட்டுப் பத்துக்கு பஸ், திரும்பி வர ஆறு மணி. அவள் எட்டு மணிக்கு வருவாள், நான் எட்டுப் பத்துக்குக் கிளம்புவேன். சாயங்காலம் நான் ஆறு மணிக்கு வருவேன், அவள் ஆறே காலுக்குக் கிளம்புவாள். வாசலில் பார்த்துக்கொள்வோம். "சாம்பார் அடுப்புல இருக்கு." "சரி." "கேஸ் புக் பண்ணணும்." "சரி." ஒரு சண்டை கிடையாது. நல்ல ஒற்றுமையான குடும்பம்.

காலையில் வந்ததும் பாப்பாவுக்குச் சாப்பாடு கட்டுவாள். ஸ்கூட்டரில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவாள். திரும்பி வந்து குளித்துவிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால் மூன்று மணி வரை தூக்கம். முழுசாக ஐந்து மணி நேரம். எனக்கே ஆறு மணி நேரம்தான் தம்பி.

ஆனால் குறை சொல்லிக்கொண்டே இருப்பாள். "கண்ண மூடினாலும் வெளிச்சம் உள்ள வருதுங்க." துப்பட்டாவைக் கண்ணில் கட்டிக்கொண்டு படுப்பாள். பாப்பா அதைப் பார்த்துவிட்டு, "அம்மா கண்ணாமூச்சி ஆடுறாங்க" என்று சிரிப்பாள், நானும் சிரிப்பேன். ஒரு நாள் ஜன்னலில் கருப்புப் போர்வையை ஆணியடித்து மாட்டிவிட்டாள். இரண்டாவது மாடிக்காரர் என்னை நிறுத்தி, "சார், வீட்ல யாருக்காவது உடம்பு முடியலையா?" என்று கேட்டார். எனக்கு எப்படி இருக்கும்? போர்வையைக் கழற்றிவிட்டேன். தூக்கி எறியவில்லை, மடித்து பீரோவில்தான் வைத்தேன்.

சரி, பொங்கல் வருகிறது, வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. வெள்ளையடிப்பது என்று வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறோம், இப்போது யார் வெள்ளை அடிக்கிறார்கள்? கடையிலிருந்து ஷேட் கார்டு கொண்டுவந்தாள். ஹாலுக்கு ஒரு நிறம், சமையலறைக்கு ஒரு நிறம், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கிழக்கு அறைக்கு மட்டும் ஒரு பக்கத்தை மடித்து வைத்திருந்தாள். பிரித்துக் காட்டினாள். கருநீலமும் சாம்பலும் கலந்த நிறம். மழை இறங்குவதற்கு முன்னால் வானம் இருக்குமே, அப்படி.

"நாலு சுவருக்குமா?" என்றேன்.

"நாலு சுவருக்கும். முடிஞ்சா சீலிங்குக்கும்."

"குடியிருக்கிற வீட்டுக்கு யாராவது இப்படி அடிப்பாங்களா சுகந்தி? சினிமா தியேட்டருக்கு அடிப்பாங்க."

"தியேட்டர்லதான் நல்லாத் தூக்கம் வருது" என்றாள். அவள் விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகு உட்கார்ந்து சொன்னாள்: "திரை போட்டாலும் ஓரத்துல ஒரு கோடு வெளிச்சம் வருதுங்க. அந்த ஒரு கோடு போதும், இந்த வெள்ளைச் சுவரு அதை வாங்கி ரூம் முழுக்க இறைச்சுடுது."

எனக்கு ஒரே சந்தோஷம். இதைத்தான் நான் எட்டாம் வகுப்பில் நடத்துகிறேன்! ஒளி எதிரொளிப்பு. வெளிர் நிறம் ஒளியைத் திருப்பி அனுப்பும். கரு நிறம் உறிஞ்சிக்கொள்ளும். "இவ்வளவு அழகாச் சொல்றியே, என் பிள்ளைங்க ஒருத்தன் கூட பரீட்சையில இப்படி எழுத மாட்டேங்கிறான்" என்று மனதாரப் பாராட்டினேன். அவள் ஏனோ எழுந்து போய்விட்டாள்.

அந்த வாரம் மங்கை அக்கா வந்தாள். என் கூடப் பிறந்தவள், லால்குடியில் இருக்கிறாள். ஷேட் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "டேய் குணா, இது என்னடா இழவு வீட்டு நெறம்? பொட்டப்புள்ள வளர்ற வீடு. விளக்கு வச்ச மாதிரி இருக்க வேணாமா?" என்றாள். சுகந்தி காபி கொண்டுவந்து வைத்துக்கொண்டே, "நீங்க ஒரு மாசம் என் ஷிஃப்ட்டப் பாருங்க மதினி, இதைவிடக் கருப்பா கேப்பீங்க" என்றாள். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தவளிடம் இப்படியா பேசுவது?

பெயிண்டர் சவரிமுத்து இருக்கிறாரே, நிதானமான மனுஷன். இரண்டு பேரையும் பார்த்தார். "சிஸ்டர் டார்க்குங்கிறாங்க, சார் லைட்டுங்கிறீங்க. நடுவுல நின்னு நான் என்ன செய்ய? ரெண்டையும் சுவத்துல ஒரு முழம் அடிச்சு விட்டுட்டுப் போறேன். மூணு நாள் வச்சுப் பாருங்க. காலையில பாருங்க, மத்தியானம் பாருங்க, லைட்டப் போட்டுப் பாருங்க. சுவரு ஒரு நாளைக்கு நாலு மூஞ்சி காட்டும் சார்" என்றார். அதோ, அந்த அலமாரிக்குப் பக்கத்தில்தான் அடித்தார். இடது பக்கம் பால் நிறம், வலது பக்கம் அவளுடைய மழை நிறம்.

நான் முறையாகப் பார்த்தேன். மூன்று நாளும் பார்த்து நோட்டில் எழுதி வைத்தேன். முதல் நாள் மாலை ஆறரை, டியூப்லைட் வெளிச்சத்தில்: அடுப்புக்கரி போல் இருக்கிறது. இரண்டாம் நாள் மாலை ஆறரை: அதேதான். மூன்றாம் நாள் மாலை ஆறு நாற்பது: மாற்றம் எதுவும் இல்லை. ஒரு முடிவுக்கு மூன்று தடவை பார்த்தால் போதும். ஆய்வகத்தில் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

சுகந்தி நோட்டைப் படித்தாள். "எல்லாம் சாயங்காலமா இருக்கு."

"நான் சாயங்காலம்தானே வீட்டுல இருக்கேன்?"

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் காலையில பத்து மணிக்கு இந்தக் கட்டில்ல வந்து படுத்துப் பாருங்க."

"பத்து மணிக்கு எனக்கு ஒன்பதாம் வகுப்பு."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை ட்யூஷன், உனக்குத் தெரியாதா?"

ஆமாம், இங்கே ஹாலில்தான் ட்யூஷன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். அவள் சனிக்கிழமை இரவு ட்யூட்டி பார்த்துவிட்டு வந்து உள்ளே தூங்குவாள். அதற்காகவே கதவைச் சாத்திவிடுவேன். பிள்ளைகளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், தனிம அட்டவணையை அடங்கின குரலில்தான் ஒப்பிப்பார்கள். அவள் தூங்குகிற நேரத்தில் நான் அந்த அறைக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதெல்லாம் ஒரு நாகரிகம்.

இப்படி இழுத்துக்கொண்டே போனால் பொங்கல் வந்துவிடும். வீட்டில் மூன்று பேர். இரண்டு பேர் இரண்டு பக்கம். மூன்றாவது ஆளைக் கேட்பதுதானே முறை? பாப்பாவைக் கேட்கலாம் என்றேன். "அவளை எதுக்கு இதுல இழுக்குறீங்க?" என்றாள் சுகந்தி. குழந்தைக்கும் ஓட்டு உண்டு, அதுதான் ஜனநாயகம் என்றேன்.

சும்மா கேட்டால் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடுவாள் என்று, சுகந்தி ட்யூட்டிக்குக் கிளம்பின பிறகு ஒரு செய்முறையாகவே வைத்தேன். இரண்டு செருப்புப் பெட்டி. ஒன்றின் உள்ளே பால் நிறம், இன்னொன்றின் உள்ளே மழை நிறம். சவரிமுத்து விட்டுப்போன மிச்சத்தில் நானே அடித்தேன். மூடியில் ஒரு சின்ன ஓட்டை, பக்கத்தில் ஒரு ஓட்டை. பக்கத்து ஓட்டையில் டார்ச் அடித்து, மேல் ஓட்டையில் எட்டிப் பார்க்க வேண்டும். பாப்பாவுக்குக் கொண்டாட்டம். மாறி மாறிப் பார்த்தாள்.

"எதுல பாப்பா வெளிச்சம் நல்லா இருக்கு?"

"இதுலப்பா" என்று பால் நிறப் பெட்டியைக் காட்டினாள்.

முடிந்தது இல்லையா? அதன் பிறகும் மழை நிறப் பெட்டியை விடாமல் மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய முயல் ரப்பரை அதற்குள் போட்டு மூடி, "சத்தம் போடாதீங்கப்பா, தூங்குது" என்றாள். அது விளையாட்டு. அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் சாயங்காலம் சொன்னேன்: "பாப்பா லைட் கலர்னு சொல்லிட்டா. ரெண்டுக்கு ஒண்ணு." சுகந்தி குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். பாப்பா அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் அப்படிச் சொல்லலம்மா. அப்பா வேற கேள்வி கேட்டாங்க. எது வெளிச்சமா இருக்குன்னுதாம்மா கேட்டாங்க." தேம்பித் தேம்பி அழுகிறாள். கேள்வி தெளிவான கேள்விதான் தம்பி. விடையும் தெளிவான விடை. இதில் அழ என்ன இருக்கிறது?

சுகந்தி அவளை மடியில் போட்டுக்கொண்டு, "நீ சரியாத்தான்டா சொல்லியிருக்க, அம்மாவுக்கு உன் மேல கோவமே இல்ல" என்றாள். என்னிடம், "எங்க அக்காவ ஆபரேஷனுக்குச் சேர்த்திருக்காங்க. நானும் பாப்பாவும் மூணு நாள் துறையூர் போயிட்டு வர்றோம். வந்து பேசிக்கலாம். அதுவரைக்கும் எதுவும் செய்யாதீங்க" என்றாள்.

எதுவும் செய்யாதீங்க என்றாளா, எதுவும் முடிவு செய்யாதீங்க என்றாளா, எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. அரையாண்டு விடுமுறை. நானும் வீட்டில் சும்மாதான் இருந்தேன். சவரிமுத்துவும் சும்மா இருந்தார். அவர் ஒரு தடவை கேட்டார்: "சிஸ்டர் டார்க்குதான்னு போன்ல சொன்னாங்களே சார்?" "முடிவு மாறிடுச்சு" என்றேன். பொய் இல்லை தம்பி. மாறத்தானே செய்தது? மாற்றினது நான், அவ்வளவுதான். அதிலும் சாதாரண பெயிண்டா? பளபளப்பு உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். பாப்பா கைபட்ட கறையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். இந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், எவ்வளவு வழவழப்பு. முகமே தெரியும்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வந்தார்கள். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று கதவைச் சாத்தி வைத்திருந்தேன். சுகந்தி திறந்தாள். இதோ நீங்கள் நிற்கிற இடத்தில்தான் நின்றாள், கையில் பையோடு. ரொம்ப நேரம் நின்றாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன், பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். பையைக் கீழே வைத்துவிட்டு, பாப்பாவைக் குளிக்கக் கூட்டிப்போனாள். பிடித்திருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் வாரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் சமத்துவப் பொங்கல் வைத்து, மத்தியானமே விட்டுவிட்டார்கள். ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் சாவியால் திறந்து உள்ளே வந்தால் கட்டிலில் ஆள் இல்லை. கடைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். பார்த்தால், மெத்தை விரிப்பு நாலு பக்கமும் தரை வரை தொங்குகிறது. ஒரு ஓரத்தில் கால்விரல் தெரிகிறது.

குனிந்து விரிப்பைத் தூக்கினேன். கட்டிலுக்கு அடியில் பாயைப் போட்டுத் தூங்குகிறாள். முழங்கையைக் கண்மேல் போட்டுக்கொண்டு, காலை மடக்கிக்கொண்டு. சம்பளம் வாங்குகிற பெண், ஐ.சி.யூ. நர்ஸ், கட்டிலுக்கு அடியில்! யாராவது வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள்? தோளைத் தட்டி எழுப்பினேன். "மேல வந்து படு சுகந்தி." திடுக்கிட்டு எழுந்தவள் கட்டில் சட்டத்தில் நெற்றியை இடித்துக்கொண்டாள். அங்கேயே உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "இப்பதாங்க தூக்கம் வந்துச்சு" என்றாள். 

அப்போதுதான் இந்த அறையைப் பெயிண்ட் அடித்த பிறகு பகலில் சரியாகப் பார்த்தேன். மத்தியான வெளிச்சம் நாலு சுவரிலும் பட்டு என்ன அழகாக இருந்தது தெரியுமா!

தினமும் அங்கேதான் படுக்கிறாள் என்று பாப்பா பிறகு சொன்னாள். லீவு நாளில் இவளும் கூடவே போய்ப் படுத்துக்கொள்வாளாம். "அது எங்க குகைப்பா. கொரியர்காரன் பெல் அடிச்சா நான் மெதுவா வெளிய வந்து, அம்மா தூங்குறாங்க, அங்கயே வச்சிட்டுப் போங்கன்னு சொல்லிடுவேன்" என்றாள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. இதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு வராது, ஆனால் சொன்னால்தான் முழுதும் சொன்னதாக ஆகும். காலையில் பாப்பாவை ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறாள். நேர் ரோடு, எதிரே வண்டி கூட இல்லை. ஸ்கூட்டர் மெதுவாக ஓரத்துக்குப் போய்த் தள்ளுவண்டியில் மோதிவிட்டது. வெங்காயமும் தக்காளியும் ரோடெல்லாம். பாப்பாவுக்கு முகவாயில் மூன்று தையல். சுகந்திக்கு மணிக்கட்டில் வீக்கம்.

நான் பஸ்ஸிலிருந்து இறங்கி ஆட்டோ பிடித்து ஓடினேன். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிதான். அவளோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். "கண்ணு மூடினதே தெரியலங்க" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "புள்ளையக் கொல்லப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். எந்த அப்பனும் கேட்பான். அங்கே இருந்த வயதான சிஸ்டர் ஒருத்தி என்னிடம், "சார், இவ இங்க ஒரு ராத்திரியில எட்டு பேரு உயிரைப் பாத்துக்குறா. பகல்ல இவ தூங்குறாளான்னு பாக்க வீட்டுல ஆள் இல்லையா?" என்று கேட்டாள். குடும்ப விஷயம், அவளுக்கு என்ன? பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த பத்து நாளில் சுகந்தி தனியாக ஓர் இடம் பிடித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே, தரைத்தளத்தில், ஒரே ஒரு அறை. மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ஜன்னலே கிடையாது தம்பி! பட்டப்பகலில் லைட் போட்டால்தான் கை தெரியும். இரண்டு இடம் பார்த்துவிட்டு, வெளிச்சமாக இருக்கிறது என்று வேண்டாம் என்றாளாம். வீட்டுத் தரகர் என்னிடமே சொல்லிச் சிரித்தார்.

அவள் துணி எடுத்து வைக்கும்போது மங்கை அக்காவையும் வரச்சொல்லியிருந்தேன். அக்கா கேட்டாள்: "ஒரு சுவத்து நெறத்துக்காகப் புருசன விட்டுட்டுக் கோவிச்சுக்கிட்டுப் போறியே, ஊரு சிரிக்காதா?"

"நான் கோவிச்சுக்கிட்டுப் போகல மதினி" என்றாள் சுகந்தி. "தூங்கப் போறேன்."

இதற்கு என்ன அர்த்தம்? இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் ஒரு வழி தோன்றியது. போன் செய்து, "வா, டார்க்கே அடிச்சுடலாம்" என்றேன். நான் பிடிவாதக்காரன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். "ஒரே ஒரு சுவத்துக்கு அடிச்சுடலாம், மத்த மூணும் இப்படியே இருக்கட்டும், பளபளப்பா நல்லா இருக்கு" என்றேன்.  அவள், "பாப்பாவுக்குத் தையல் போட்ட இடத்த டாக்டர்கிட்ட காட்டுறது வெள்ளிக்கிழமை, மறந்துடாதீங்க" என்று வைத்துவிட்டாள். நாலில் ஒரு பங்கு விட்டுக்கொடுத்தேன் தம்பி. அவள் ஒரு பங்கு கூட விட்டுக்கொடுக்கவில்லை.

பாப்பாவுக்கு முழுப்பரீட்சை முடிகிறவரை இங்கேயே இருக்கட்டும் என்று பேசிக்கொண்டோம். காலையில் எதிர் வீட்டுப் பிள்ளையோடு வேனில் போவாள். சாயங்காலம் சுகந்தி வந்து இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, சமைத்து வைத்துவிட்டு ட்யூட்டிக்குப் போவாள். பரீட்சை முடிந்த பிறகு என்ன செய்வது? பாப்பாவையே கேட்போம் என்றேன்.

"வேணாங்க" என்றாள் சுகந்தி. அவள் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை, அன்றைக்குக் கெஞ்சினாள். "மறுபடியும் அவள பெட்டிக்குள்ள எட்டிப் பாக்க வைக்காதீங்க. நாம ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுவோம். பாதி நாள் இங்க, பாதி நாள் அங்கன்னு எப்படியோ பாத்துக்கலாம். அவ வாயால யாரோ ஒருத்தரை வேணாம்னு சொல்ல வைக்காதீங்க."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. குழந்தை மனதில் உள்ளதைக் குழந்தைதானே சொல்ல வேண்டும்? அதுவும் இந்தத் தடவை நான் எந்தத் தந்திரமும் செய்யப்போவதில்லை. பெட்டி கிடையாது, டார்ச் கிடையாது. நேரடிக் கேள்வி.

போன மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. ட்யூஷனுக்கு லீவு விட்டிருந்தேன். பாப்பாவைக் கூப்பிட்டு இந்த அறையில்தான் உட்கார வைத்தேன். சுவரில் ஒட்டுகிற பட்டாம்பூச்சிகள் இருபத்து நாலு வாங்கி முந்தின நாளே ஒட்டி வைத்திருந்தேன். அதோ, இன்னும் நாலைந்து இருக்கின்றன பாருங்கள். பளபளப்புச் சுவரில் பசை நிற்கவில்லை.

இரண்டு பக்கத்தையும் ஒழுங்காகச் சொன்னேன். இங்கே ஜன்னல் இருக்கிறது, மலைக்கோட்டை தெரிகிறது, உனக்கென்று மேசை இருக்கிறது, கூடப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே ஒரே அறை. ஜன்னல் இல்லை. பகலில் கூட லைட் போட வேண்டும்; அம்மா தூங்கினால் அதுவும் போட முடியாது. சத்தம் போட்டு விளையாட முடியாது. நான் எந்தப் பக்கமும் சாயவில்லை, இருப்பதைச் சொன்னேன். "நல்லா யோசிச்சு நீயே முடிவு பண்ணு பாப்பா. நீ என்ன சொன்னாலும் அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன். வெளிச்சமான ரூமா, இருட்டு ரூமா?" என்றேன்.

பாப்பா ஜன்னல் பக்கம் பார்த்தாள். அழவில்லை. மணி என்ன என்று கேட்டாள். பதினொன்று என்றேன்.

அம்மா நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பாள், நாலரைக்கு அங்கே கொண்டுபோய் விடுங்கள் என்றாள்.